விரதம் இருக்காத வீடு

இந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஏதோ ஒரு விரதம் சொல்வார்கள். கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி, சோமவாரம். தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி தெரிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாங்கள் மட்டும் அன்றைக்கு மத்தியானம் வடை பாயசத்தோடு இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி மொட்டை மாடி ஏறி தீபம் பார்ப்போம். வெட்கமே கிடையாது. யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்கு விரதம் ஆகாதுங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவோம்.

ஏன் ஆகாது என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். முதலில் ஏரி காய்ந்தது, கிணறு காய்ந்தது, அப்புறம் மாடுகள் செத்தன, அப்புறம் மனுஷர்கள். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, மிச்சம் இருந்த இந்தப் பையனை இழுத்துக்கொண்டு அவன் அம்மா இந்த ஊர் வரைக்கும் நடந்து வந்து கஞ்சித் தொட்டி வரிசையில் நின்றாளாம். பிழைத்தார்கள். திரும்பிப் போகாமல் அடி அண்ணாமலையிலேயே மலை ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து, கல்யாணம் கட்டி, முதல் பிள்ளை பிறந்ததும் பழைய ஊருக்குப் போய் குலதெய்வத்தின் எதிரில் கற்பூரம் அடித்து சத்தியம் பண்ணினாராம். கதையில் இந்த இடம் வந்தால் என் அப்பா எழுந்து நின்றுவிடுவார். "என் வம்சத்துல பொறந்த எவனும் சாமிக்காக வயித்தக் காயப்போட மாட்டான். இதுக்கு ஒத்துக்கிட்டா நீ இங்க இரு. இல்லாட்டி எழுந்து போ!" என்று சாமியைப் பார்த்துச் சொன்னாராம். சாமி எழுந்து போகவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நாங்களும் வருஷா வருஷம் போய்ப் பொங்கல் வைத்து, படைத்தது ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

சத்தியம் வாயால் பண்ணினது. எங்கள் உடம்புகள் பண்ணுகிற கூத்து தனி. எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப் போனால் போதும், கை நடுங்கும், கண் சிவக்கும், எதிரில் யார் இருந்தாலும் எரிந்து விழுவோம். நான் மட்டும் ஒழுங்கா என்ன? வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடில் ஒரு பிள்ளை என்னிடம் சந்தேகம் கேட்காது. மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை, உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் வேறு ரகம். அவர் குடும்பத்தில் சஷ்டி விரதம் பரம்பரையாக உண்டு. பட்டினி கிடக்கிற நாளில்தான் மனுஷர் முகம் தெளிவாக இருக்கும், ஒரு கோபம் கிடையாது, ஒரு சோர்வு கிடையாது, பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். "எப்படிங்க முடியுது உங்களால?" என்றால், "பசிக்கும், அப்புறம் போய்டும்" என்பார். போய்விடுமாம்! எங்கே போகும், யார் வீட்டுக்குப் போகும் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரிந்ததில்லை.

எங்கள் ஆட்கள் யாரும் வெறும் பையோடு வாசல் தாண்ட மாட்டோம். பக்கத்துத் தெரு பாங்குக்குப் போனாலும் பைக்குள் ஒரு டப்பா இருக்கும். இட்லியோ, வேர்க்கடலையோ, ரெண்டு வாழைப்பழமோ. நான் நினைத்துப் போட்டுக்கொள்வது கிடையாது. செருப்பு மாட்டுகிற மாதிரி கை தானாகப் போட்டுவிடும்.

இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஆள் என் அண்ணன். அடி அண்ணாமலையில் நிலம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் தன் வீட்டு வாசலில் ஒரு அண்டா புளியோதரை வைத்துக்கொண்டு நிற்பார். புண்ணியத்துக்கு அன்னதானம் பண்ணுகிறவர்கள் பாதை நெடுக இருக்கிறார்கள். அண்ணன் பண்ணுவது ஆள் பிடிக்கிற வேலை. "விரதங்க, வேணாங்க" என்று ஒதுங்கிப் போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துவார். "விரதமா? உன்ன யாரு கேட்டாங்க, சாமி கேட்டுச்சா? சாப்ட்டு நட!" எத்தனை பேர் விரதத்தை இவர் கெடுத்திருப்பாரோ, கணக்கே இல்லை. எல்லாரும் போன பிறகு அண்டா அடியில் இருப்பதை வழித்து ஒரு மலை கட்டிக்கொண்டு இவர் உட்காருவார். சுகர் மாத்திரையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

ஆமாம், சுகர். எங்கள் பக்கம் ஒல்லிக்குச்சியாக இருக்கிறவர்களுக்குக்கூட நடு வயசு தாண்டினால் சுகர் வந்துவிடும். அண்ணனுக்கு எப்பவோ வந்துவிட்டது.

ஒரு பொங்கலன்று எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். புதிதாக எதையாவது படித்தால் என் வாய் சும்மா இருக்காது. "அண்ணா, நம்ம ஒடம்புல எல்லா செல்லுலயும் அதே மரபணுதான். வீடு பூரா ஒரே வயரிங் இருக்கற மாதிரி வெச்சுக்கோ. ஆனா எந்த சுவிட்சு எரியுது, எந்த சுவிட்சு மேல டேப்ப ஒட்டி அமுக்கி வெச்சிருக்குங்கறதுல இருக்கு விஷயம். பட்டினி, பயம், அலைச்சல் இதெல்லாம் அந்த டேப்ப ஒட்டும், பிச்சும் போடும். சில டேப்பு புள்ளைக்கும் அப்படியே போகுதுங்கறாங்க. எபிஜெனடிக்ஸ்னு பேரு" என்றேன்.

எலிகளைப் பற்றியும் சொன்னேன். ஒரு வாசனையைக் காட்டிக் காட்டி எலிக்கு ஷாக் கொடுத்தார்களாம். அதனுடைய குட்டியும், குட்டியின் குட்டியும் ஷாக் என்றால் என்னவென்றே தெரியாதவை, ஆனால் அந்த வாசனை வந்தால் மட்டும் திடுக்கென்று துள்ளினவாம். வயிற்றில் பிள்ளையோடு பஞ்சத்தில் கிடந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு சுகர் ஜாஸ்தியாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். "ஆனா மனுஷங்ககிட்ட இது எத்தன தலைமுறைக்குப் போகும்னு அடிச்சு சொல்ல யாரும் தயாரா இல்ல. அந்தச் சண்ட இன்னும் ஓயல" என்று முடித்தேன்.

கடைசியில் சொன்னது அண்ணன் காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து அண்ணி சோற்றைக் குறைத்து வைத்தால் ஒரே பதில்தான். "நானா சாப்பிடறேன்? கஞ்சித்தொட்டித் தாத்தா சாப்பிடறாரு. பாப்பா சயின்ஸ்லயே சொல்லிடுச்சி!" என்னைத்தான் பாப்பா என்பார், எனக்கு ஐம்பது ஆன பிறகும். "அந்தத் தாத்தாவுக்கு ஒரு கரண்டி போதும், தட்ட இங்க குடு" என்று அண்ணி பிடுங்குவாள். சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்தது.

என்னைக் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். எங்கள் நடுக்கம் அந்த டேப் வழியாக வந்ததா, அப்பா அவசர அவசரமாக ஊட்டிவிட்ட சோற்று உருண்டை வழியாக வந்ததா என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. கொஞ்சம் அதிலும் கொஞ்சம் இதிலும் வந்திருக்கும். வந்து சேர்ந்துவிட்டது என்பதில் மட்டும் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அது என்ன செய்யும் என்பதைப் போன வருஷம் மழைக்காலத்தில் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் வெறுங்காலோடு நிலத்தில் இறங்கினபோது காலில் வேலி முள் ஏறியிருக்கிறது. சுகர்க்காரர் கால், மரத்துப்போன கால், தெரியவே இல்லை. புண் ஆகி, சீழ் கோத்து, விரல் கறுக்கிற வரைக்கும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறைத்திருக்கிறார். நாற்றம் வந்த பிறகுதான் அண்ணிக்குத் தெரிந்து எனக்குப் போன் பண்ணினாள். போய்ப் பார்த்தேன். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றி டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திட்டினதெல்லாம் பயத்தில்தான். வரப்பில் நடக்காமல் ஒரு நாள் இருக்கத் தெரியாத மனுஷன். அந்தப் பாதம் போனால் கட்டிலில் உட்கார்ந்தே உருகிப் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வளவள என்று பேசவில்லை. "ரெண்டு வெரல் எடுத்தாகணும். நாளைக்குக் காலைல பண்ணிடலாம். பாதத்தக் காப்பாத்திடலாம்" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். விரல் போவதற்கு ஆள் அசரவே இல்லை. "ராத்திரி சாப்பாட்டோட சரி. அதுக்கப்புறம் எதுவும் கூடாது, வெறும் வயித்துல இருக்கணும். சுகர் எறங்காம டிரிப்ஸ்ல நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, வெறும் வயிறுங்கறாங்களே" என்றார்.

மறுநாள் காலையில் நானும் அண்ணியும் கீழே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கப் போனோம். என் மகள் அவள் மாமாவோடு உட்கார்ந்திருந்தாள். பார்மசி முடித்தவள். எந்த மருந்துக்கு எது ஆகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளை விட்டுவிட்டுப் போனதில் எனக்கு என்ன கவலை இருக்கும்?

நாங்கள் திரும்பி வந்தபோது மயக்க மருந்து டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "காலைல ஏதாவது சாப்ட்டீங்களா பெரியவரே?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணன், மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

தள்ளு வண்டி வந்தது. அண்ணனை அதில் மாற்றிப் படுக்க வைத்தார்கள். கதவு வரைக்கும் போய்விட்டது. அப்போது என் மகள் ஓடிப் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம், நிறுத்துங்க. மாமா சாப்ட்டாரு. இட்லி சாப்ட்டாரு. நான்தான் குடுத்தேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த இடத்தில் அப்படியே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. மயக்க மருந்து டாக்டர் வண்டியைத் திருப்பச் சொன்னார். ஆபரேஷன் நடுவில் சாப்பிட்டது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் ஆளே இருக்க மாட்டார் என்று அண்ணனைப் பார்த்தே சொன்னார். அப்புறம் அந்த டாக்டர் பெண் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தியேட்டர் இனிமே நாளைக்குத்தான். மருந்து ஏத்திப் பாக்கறேன். இதுக்குள்ள சீழ் மேல ஏறிச்சுன்னா வெரலோட நிக்காது. நாளைக்கும் சாப்ட்டுட்டாருன்னா, பாதத்தப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளை வெளியே இழுத்துக்கொண்டு போய் கையை ஓங்கிவிட்டேன். "படிச்சவதானடி நீ? எல்லாம் தெரிஞ்சவதானே? அறிவு எங்கடி போச்சு?"

"தெரியும்மா. எல்லாம் தெரியும். அவரு கை நடுங்கிச்சு. 'பசிக்குதுடா கண்ணு'ன்னாரு. அவ்ளோதான். நான் யோசிக்கவே இல்லம்மா. பாத்தா டப்பா தொறந்திருக்கு, நான் ஊட்டிட்டு இருக்கேன்."

சொல்லும்போதே அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓங்கின என் கை கீழே வந்துவிட்டது. அவளுக்கு நான் அந்தப் பஞ்சக் கதையைச் சொன்னதே இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வேங்கிக்கால் புது வீட்டில், நிறைந்த ஃபிரிட்ஜோடு, ஒரு வேளைப் பட்டினி என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்த பெண். அவள் கை யாருக்காக டப்பாவைத் திறந்தது? அவள் மாமாவுக்காக மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. பாவமாக இருந்தது. கட்டிக்கொண்டேன். "சரி விடு. வாய் தொறந்து உண்மைய சொன்னியே, அதுவே ஆள காப்பாத்திச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "என்னால முடியாது பாப்பா. சத்தியம் பண்ண குடும்பம் நாம. அது ஒண்ணு. ரெண்டாவது, என் ஒடம்பு கேக்காது. நீதானே சொன்ன, ரத்தத்துலயே எழுதியிருக்குன்னு? பாதம் போனா போவட்டும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

எனக்கு வந்ததே கோபம்! "எழுதியிருக்குன்னு நான் சொல்லவே இல்ல. டேப் ஒட்டியிருக்குன்னு சொன்னேன். ஒட்டினது பிச்சுக்கும்னும் சொன்னேன். உனக்கு வேண்டியத மட்டும் காதுல வாங்கிக்கினு இப்ப என் மேல பழியா? சத்தியத்தையும் ஒழுங்கா கேளு. சாமிக்காக வயித்தக் காயப்போட மாட்டேன்னுதானே பண்ணாரு? இது சாமிக்கா? உன் காலுக்கு! எந்தச் சாமி வந்து கேக்கும் உன்ன?"

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். பஞ்சாயத்துக்கு அவளைக் கூப்பிடுகிற பார்வை. அண்ணி அதுவரைக்கும் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்.

"நான் கிருத்திகை தவறாம விரதம் இருக்கறேன்."

"எப்ப?" என்றார் அண்ணன்.

"கல்யாணம் ஆனதுலருந்து. மாசா மாசம்."

"எங்க?"

"எங்கயா? நம்ம வீட்லதான். உங்க அடுப்படியிலதான்."

நானும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "எங்களுக்குத் தெரியாமயா?" என்றேன்.

"நீங்கல்லாம் சாப்பிடற வேகத்துல என் தட்ட எவரு பாத்தீங்க? பரிமாறிக்கினே இருப்பேன். 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டா, 'அப்பவே ஆச்சு'ம்பேன். எங்கம்மா வீட்ல எல்லாரும் இருப்போம். இங்க வந்து விடச் சொன்னா விட்டுட முடியுமா? சாமி கோச்சுக்கல, உங்க தாத்தாவும் கோச்சுக்கல. எனக்கு ஒண்ணும் ஆகல, குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்."

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரில் போகிறவர் வருகிறவர் விரதத்தையெல்லாம் கையைப் பிடித்துக் கெடுத்த மனுஷன். தன் வீட்டு அடுப்படியில் மாசம் தவறாமல் ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள், இவர் அவள் கையாலேயே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். "எப்படிடி தாங்கற?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வரும். வந்து போட்டு அடிக்கும். அப்ப அதுங்கூடப் பேச்சு வெச்சுக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். திரும்ப வரும், திரும்ப அடங்கும்" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை நான் ஒரு காரியம் பண்ணினேன். வீட்டில் எதுவும் சாப்பிடவில்லை. மகளும் சாப்பிடவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து மேடை மேல் வைத்துவிட்டு வாசல் தாண்டினோம். சிரிக்காதீர்கள், கதவைப் பூட்டும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னவோ பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் அண்ணியும் வெறும் வயிற்றோடு இருந்தாள். "இன்னிக்கு யாரும் சாப்பிடல. நாலு பேரும் சேந்தே இருக்கறோம்" என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்கு பாப்பா, நீ தாங்க மாட்ட" என்றார். தாங்க மாட்டேன்தான். அதற்காக?

காலையில் முதல் ஆளாகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடப் போகிற நேரத்தில் பைபாஸில் ஒரு வேன் கவிழ்ந்து அடிபட்டவர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். தியேட்டர் அவர்களுக்குப் போய்விட்டது. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, உயிருக்குப் போராடுகிறவர்கள் முதலில். ஆனால் எங்களுக்கு நேரம் நகரவில்லை. பத்து மணி தாண்டியது. பதினொன்று தாண்டியது. எனக்கு வயிறு எரிந்து, தலை சுற்றி, கேன்டீனிலிருந்து வந்த வடை வாசனையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கு நானும் மகளும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

அண்ணன் மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் உடைந்துவிட்டார். உடம்பு முழுக்க நடுங்கியது. நர்ஸ் வந்து சுகர் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. டிரிப்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நடுங்கினார். "காலும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஒரு வாய் சோறு குடுங்கடி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். எழுந்துகொள்ளப் பார்த்தார். அண்ணி ஒரு தோளைப் பிடித்தாள், நான் ஒரு தோளைப் பிடித்தேன். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றாள், அவர் முகத்தைப் பார்த்தால் கேன்டீனுக்கு ஓடிவிடுவோம் என்று.

"இது பசி இல்ல பாப்பா" என்றார், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. "என்னமோ தொரத்துது. செத்துடுவேன் போல இருக்கு. நம்ம எல்லாரும் செத்துடுவோம் போல இருக்கு."

எங்கிருந்து எனக்கு அந்தப் பேச்சு வந்ததோ தெரியாது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "அண்ணா, என்னப் பாரு. அந்தப் பஞ்சத்துல செத்தவங்களுக்குப் பேரன் கிடையாது, பேத்தி கிடையாது. நம்ம யாரு வம்சம்? பசி தாங்காம செத்தவங்க வம்சமா? தாங்கிப் பொழைச்சவன் வம்சம்! அவங்கிட்டருந்து பயம் மட்டும்தான் வந்துச்சுன்னு நீ நெனச்சிட்டியா? அந்தத் தெம்பும் வந்திருக்கு. உன் ஒடம்புலதான் இருக்கு. தேடு!"

கத்தித்தான் சொன்னேன். பசியில் இருந்தேன் இல்லையா, மெதுவாகச் சொல்ல வரவில்லை. வார்டு மொத்தமும் கேட்டது. அண்ணன் என்னையே பார்த்தார். மூச்சு வாங்கியது. "அவரு அப்ப சின்னப் புள்ள இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா. பொடியன்."

"அங்கருந்து நடந்து வந்தான்."

"நடந்து வந்தான். வந்து வரிசைல நின்னான். அவன் நின்னதாலதான் நீ இங்க படுத்துக்கினு கத்தற."

அண்ணன் தலையணையில் சாய்ந்துகொண்டார். முந்தானையை மட்டும் விடவில்லை. நடுக்கம் உடனே நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். வந்தது, போட்டு அடித்தது, கொஞ்சம் அடங்கியது, திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். மகள் சுவரை விட்டுத் திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள், நல்ல பாதத்தைப் பிடித்துக்கொண்டு. அப்படியே இருந்தோம். தள்ளு வண்டி வந்தது. மயக்க மருந்து டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணன், இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்து.

முழு மயக்கம் கொடுக்காமல் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், அதற்கும் வயிறு காலியாக இருந்தே ஆகவேண்டுமாம். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் பெண் வந்து, முகமூடியை இறக்கி, "ரெண்டு வெரலோட நின்னுடுச்சு. பாதம் இருக்கு. நடப்பாரு" என்றாள். அண்ணி எழுந்து நின்று மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனை வெளியே கொண்டுவந்தார்கள். விழித்துக்கொண்டுதான் இருந்தார். முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது, கை அமைதியாக மார்பு மேல் கிடந்தது. குனிந்து, "எப்படிண்ணா இருக்கு? வலிக்குதா?" என்று கேட்டேன்.

"பசிக்குது பாப்பா" என்றார். அப்புறம் அதிசயமாக எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார், "வெறும் பசிதான்."